பழைய பில்லியர்ட்ஸ் மேசையைத் திருத்த எவ்வளவு முடியும்?

வீட்டில் ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேசை கிடக்கிறது. துணி கிழிந்துவிட்டது, ஓரத்து இறப்பர் கல்லாய்ப் போய்விட்டது, ஒரு காலில் கறையான். திருத்தலாமா, அல்லது விறகுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு முடியும்?"

நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் நாமும் அதைத்தான் கேட்கிறோம். ஆனால் மேசையின் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு விலைச்சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று, இன்று பாஸ்மாருக்கும் கடைக்காரருக்கும் நாம் கொடுக்கப்போகும் காசு. மற்றது, அந்தப் பாகம் முதன்முதலில் மேசையாக மாறியபோது வேறு யாரோ கொடுத்த விலை. முதலாவதைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய உண்டு. வரலாறு படிக்கும் எங்களுக்கு இரண்டாவதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்காமல் கணக்கை மூட முடியவில்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எங்கள் பக்கம் இதையெல்லாம் பொதுவாகப் 'பூல் டேபிள்' என்றே சொல்லிவிடுவோம். உண்மையில் இரண்டு குடும்பங்கள். அமெரிக்காவில் வளர்ந்த பூல் மேசை பெரும்பாலும் 7 முதல் 9 அடி நீளம். ஆங்கிலேய பில்லியர்ட்ஸ் மேசை 12 அடிக்கு 6 அடி. ஸ்னூக்கர் ஆடுவதும் இதில்தான். பூல் என்ற பெயரே விளையாட்டிலிருந்து வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குக் கூட்டாகப் பணம் கட்டும் இடத்துக்கு 'பூல் ரூம்' என்று பெயர். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையில் ஆட்கள் சும்மா இருக்காமல் ஆடுவதற்காக அங்கே மேசைகளைப் போட்டார்கள், பெயர் மேசையில் ஒட்டிக்கொண்டது. பிரித்தானியர் ஆண்ட இலங்கையின் கிளப்புகளுக்கும் பங்களாக்களுக்கும் வந்தது ஆங்கிலேய மேசை. எனவே அதையே பிரதானமாக எடுத்துக்கொள்கிறோம். வேலை முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

மரம்

திருத்தும் வேலை கழற்றுவதிலிருந்து ஆரம்பிக்கிறது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு துண்டுக்கும் சோக்கால் இலக்கம் போட்டு, படம் எடுத்து வைக்க வேண்டும். நல்ல கம்பனிகள் தாங்களே கற்களிலும் ஓரக்கட்டைகளிலும் இலக்கம் பொறித்திருப்பார்கள். அதை மாற்றிப் பூட்டினால் பிறகு எந்த பாஸ் வந்தாலும் மட்டம் வராது. மேசையின் ஓரத்தில் தயாரித்தவரின் பெயர்த்தகடு இருக்கும். லண்டனின் தேர்ஸ்டன், பரோஸ் அன்ட் வாட்ஸ், அக்றிங்டனின் ரைலி, கல்கத்தாவின் லாசரஸ் என்று பெயர்கள் வரலாம். தகடு இருந்தால் மேசையின் பெறுமதி கூடும், வயதைக் கண்டுபிடிப்பதும் இலகு.

பெரிய மேசைக்கு எட்டுக் கால்கள். பழைய ஆங்கிலேய மேசைகளில் பெரும்பாலும் மஹோகனி மரம். நம் பக்கத்து வெப்பத்துக்கும் கறையானுக்கும் தேக்கு தாக்குப்பிடிக்கும் என்பதால் இந்தியாவில் செய்த மேசைகளில் தேக்கும் உண்டு. பழைய மெருகு பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணி உருண்டையால் படைபடையாகத் தேய்த்து ஏற்றியது. 'பிரெஞ்சு பொலிஷ்' என்பது அதுதான். இதைத் திரும்பச் செய்ய நாட்கணக்கில் கைவேலை தேவை. பொருளின் விலை கொஞ்சம், கூலிதான் செலவு. அந்தக் கூலியைக் குறைக்கவென்று மெஷினால் உரசிவிட்டு மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் நூறு வருடத்து மேற்பரப்பு அன்றோடு போய்விடும், மேசையின் விலையும் கூடவே இறங்கும்.

இனி மற்ற விலைச்சீட்டு. ஐரோப்பாவின் பணக்கார வீடுகளை நிரப்பிய மஹோகனி ஜமெய்க்கா, கியூபா, ஹொண்டுராஸ் குடாப் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்தது. இன்றைய பெலிஸ் நாடு ஆரம்பத்தில் மரம் வெட்டும் குடியிருப்பாகவே உருவானது. அங்கே காட்டுக்குள் மரத்தைத் தேடிப் போனவர்களும், வெட்டியவர்களும், ஆறுவரை இழுத்து வந்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர்கள். பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மஹோகனி ஒரு வீட்டில் நின்றால், அதன் முதற்கூலி கொடுபடாத கூலி என்று நினைத்துக்கொள்ள நியாயம் இருக்கிறது.

கல்

மேசையின் உயிர் துணிக்கு அடியில் இருக்கிறது. ஆரம்பத்தில் மேசைத்தளம் மரப்பலகைதான். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் வளையும், பந்து தன்பாட்டில் ஒரு பக்கம் ஓடும். 1826இல் லண்டனில் ஜோன் தேர்ஸ்டன் மரத்துக்குப் பதிலாகச் சிலேட்டுக் கல்லைப் போட்டார். நம் தாத்தா பாட்டிமார் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டு. படைபடையாகப் பிளக்கும், தட்டையாக உரசலாம், ஈரத்தில் வளையாது. அன்றிலிருந்து இன்றுவரை நல்ல மேசை என்றால் கல் மேசைதான்.

12 அடி மேசையில் ஐந்து கற்கள். ஏறத்தாழ 45 மில்லிமீற்றர் தடிப்பு, ஒவ்வொன்றும் 150 கிலோவுக்கு மேல். முழு மேசையும் ஒரு தொன்னைத் தாண்டும். 9 அடி பூல் மேசையில் மூன்று கற்கள், ஒரு அங்குலத் தடிப்பு. எனவே வீட்டில் நாலு பெடியன்களை வைத்துத் தூக்கிவிடலாம் என்ற கதை இங்கே சரிவராது. மூலையில் ஒருதரம் இடிபட்டால் கல் பிளந்துவிடும், பிளந்த கல்லுக்குப் பதில் கல் தேடுவது மேசை தேடுவதைவிடக் கஷ்டம். மறுபக்கம், கல் நல்லாயிருந்தால் அதற்குத் தனியாகச் செலவே இல்லை. துடைத்து, மட்டம் பார்த்து, மூட்டுகளை மெழுகாலோ பரிஸ் சாந்தாலோ நிரப்பி, விரல் நகத்தால் தடவினால் மூட்டுத் தெரியாத அளவுக்கு உரசினால் போதும். பழைய மேசை வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது கல்லைத்தான். மரத்தின் பளபளப்பில் மயங்கக்கூடாது.

மேசைக் கற்கள் இத்தாலியின் லிகூரியாவிலிருந்தும் வந்தன, வேல்ஸ் நாட்டின் வடக்கிலிருந்தும் வந்தன. வடக்கு வேல்ஸின் மிகப்பெரிய குவாரி பென்றின். அதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிதாக்கிய ரிச்சர்ட் பெனன்ட்டின் குடும்பச் சொத்து ஜமெய்க்காவின் சீனித் தோட்டங்களிலிருந்து வந்தது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கக்கூடாது என்று பாராளுமன்றத்தில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். கரும்புத் தோட்டத்தில் சேர்ந்த பணம் கல் குவாரிக்குப் போனது. அந்தக் குவாரியில் 1900இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிற்சங்கத்தை நிர்வாகம் ஏற்க மறுத்ததுதான் மையப் பிரச்சினை. 2,800 பேரளவில் வெளியே வந்தார்கள். போராட்டம் மூன்று வருடம் இழுத்தது. சிலர் பட்டினியில் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பாதவர்கள் "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஸ் மொழியில் எழுதிய அட்டையை ஜன்னலில் மாட்டி வைத்தார்கள். 1903இல் தொழிலாளர்கள் தோற்றார்கள். வேலைக்குத் திரும்பியவர்களின் நெஞ்சில் சிலேட்டுத் தூசி மிச்சமிருந்தது. சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் அந்தக் குவாரிக் கிராமங்களின் குடும்ப நோய்.

எல்லா மேசைக் கல்லும் பென்றினிலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோட்டம், துரை, தொழிற்சங்கம், பட்டினி என்ற இந்தச் சொற்களை வாசிக்கும்போது வேல்ஸ் நமக்கு அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

இறப்பர்

மேசை ஓரத்தில் பந்து பட்டுத் திரும்புகிற பகுதிக்கு 'குஷன்' என்று பெயர். ஒரு காலத்தில் துணியும் பஞ்சும் திணித்த ஓரம். பந்து அதில் பட்டால் செத்துப்போய் நிற்கும். 1830களில் தேர்ஸ்டன் இறப்பரைப் போட்டுப் பார்த்தார். பந்து துள்ளியது. ஆனால் பதப்படுத்தாத இறப்பர் குளிரில் விறைத்துவிடும். ஆட்டம் தொடங்குமுன் சுடுதண்ணீர் நிரப்பிய தகரப் பாத்திரங்களை ஓரத்தில் வைத்துச் சூடாக்க வேண்டியிருந்தது. விக்டோரியா மகாராணியின் மேசைக்கும் இதே கதிதான். கந்தகத்தோடு சேர்த்து வேகவைத்த இறப்பர் 1840களில் வந்த பிறகே பிரச்சினை தீர்ந்தது.

பழைய மேசையில் நிச்சயம் மாற்ற வேண்டியது இதுதான். இறப்பருக்கு வயதாகும். சில பத்தாண்டுகளில் இறுகிவிடும், அல்லது நொறுங்கி மாவாகும். சோதித்துப் பார்ப்பது சுலபம்: பந்தை நீளவாட்டில் பலமாக அடித்தால் நல்ல மேசையில் அது நாலைந்து தடவை மேசையைக் கடக்கும். இரண்டோடு நின்றால் இறப்பர் முடிந்தது. பழையதைச் சுரண்டி எடுத்து, மரக்கட்டையைச் சமப்படுத்தி, புது இறப்பரைப் பசையால் ஒட்ட வேண்டும். உயரம் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பந்து குதிக்கும். பூல் மேசைக்கும் ஸ்னூக்கர் மேசைக்கும் இறப்பரின் வடிவம் வேறு, பந்தின் அளவும் வேறு: பூல் பந்து 57 மில்லிமீற்றர், ஸ்னூக்கர் பந்து 52.5. இதைப் பார்க்காமல் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் காசு வீண். பெரிய மேசைக்கு முழுச் செற் இறப்பரின் விலை ஏறத்தாழ நல்ல துணியின் விலையை ஒட்டி வரும்.

இந்த இடத்தில்தான் கணக்கு எங்கள் ஊருக்குள் வருகிறது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து 70,000 இறப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் 1,900 கன்றுகளளவில் அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் கதை அங்கே தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மோட்டார் வண்டிக்குச் சக்கரம் தேவைப்பட்டபோது களுத்துறை, கேகாலைப் பக்கத்து மலைச்சரிவுகள் இறப்பராகின. அந்த மரங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பங்கினர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணி மூலம் கொண்டுவரப்பட்ட தமிழர்கள். விடியமுன் எழும்பி, பால் உறையமுன் மரத்தை வெட்டி, வாளியில் சேர்த்துக் கொண்டுவந்த கைகள் அவை. இறப்பர்ப் பாலின் பெரும்பகுதி சக்கரத்துக்குத்தான் போனது. ஆனால் 1910க்குப் பிறகு ஒட்டிய ஒரு குஷனில், கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த நம்மூர்ப் பாலும் இருந்திருக்கலாம். இறுகிப்போன பழைய இறப்பரைச் சுரண்டிக் குப்பையில் போடும்போது அதையும் ஒருதரம் நினைக்கலாம்.

துணி

மேசைத்துணி பச்சையாக இருப்பதற்குக் காரணம் புல்தரை. இந்த விளையாட்டு ஐரோப்பாவில் முதலில் முற்றத்தில் பந்து தட்டும் ஆட்டமாக இருந்து, மழைக்கும் குளிருக்கும் பயந்து வீட்டுக்குள் மேசை ஏறியது. துணி கம்பளி. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பக்கத்து ஆலைகள் ஸ்னூக்கர்த் துணிக்குப் பேர்போனவை. பூல் மேசைக்கு பெல்ஜியத்தின் வெர்வியே நகரத்து சிமோனிஸ், 1680 முதல் நெய்கிறார்கள். ஸ்னூக்கர்த் துணிக்கு மயிர்ப்போக்கு உண்டு. அது ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கிப் படிந்திருக்க வேண்டும். துலக்குவதும் இஸ்திரி போடுவதும் அதே திசையில்தான். நுவரெலியா மாதிரி ஈரக்குளிர் ஊரில் துணி தளர்ந்து, பந்து மெதுவாகும். அதனால்தான் பெரிய போட்டி மேசைகளில் கல்லுக்கு அடியில் சூடாக்கி வைக்கிறார்கள்.

பிரித்தானியாவில் 12 அடி மேசைக்கு நல்ல போட்டித்துணி, தளமும் ஓரமும் சேர்த்து, ஏறத்தாழ 250 முதல் 350 பவுண். இழுத்துப் பூட்டும் கூலி வேறு. அமெரிக்காவில் பூல் மேசைக்குத் துணியும் கூலியும் சேர்ந்து பல நூறு டொலர். கால், கல், இறப்பர், துணி, மெருகு எல்லாம் சேர்த்து ஒரு பழைய மேசையை முழுதாகப் புதுப்பித்தால் பல ஆயிரம் டொலர் ஆகும். இங்கே அதை இறக்குமதி செய்தால் கப்பல் கூலியும் வரியும் மேலே ஏறும். துணிக்கு மட்டுமே ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வோம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கணக்குப் போட்டால் ஒரு மேசைத்துணி 74 நாள் கொழுந்து. இது குற்றம் சாட்டும் கணக்கல்ல. 'அதிகம்', 'கொஞ்சம்' என்ற சொற்கள் யாருடைய பக்கத்தில் நின்று சொல்லப்படுகின்றன என்பதைக் காட்டும் கணக்கு.

பந்து

பழைய மேசையோடு சிலவேளை பழைய பந்துகளும் கிடைக்கும். மஞ்சள் படிந்து, மெல்லிய வெடிப்போடு, உற்றுப்பார்த்தால் குறுக்குக் கோடுகள் ஓடினால் அது யானைத் தந்தம். 19ஆம் நூற்றாண்டு முழுக்க நல்ல பந்து என்றால் தந்தப் பந்துதான். பந்து நேராக உருள வேண்டுமானால் தந்தத்தின் நடு நரம்பு பந்தின் நட்டநடுவே போக வேண்டும். அதனால் ஒரு தந்தத்தில் நாலைந்து நல்ல பந்துகளே தேறும். கடைந்த பந்தை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் வடிவம் மாறும்.

நாங்கள் இதை வாசிக்கத் தொடங்கியபோது மனதில் வந்தது இலங்கை யானை. ஆனால் உண்மை கொஞ்சம் வேறு. இலங்கை ஆண் யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சில. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். பந்துத் தந்தத்தின் பெரும்பகுதி ஆபிரிக்காவிலிருந்து, சுமைகூலிகளும் அடிமைகளும் தோளில் சுமந்து சன்சிபார் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லண்டனுக்குப் போனது. இலங்கை யானை தந்தம் இல்லாமலே செத்தது. கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்டிய காலத்தில் யானையைக் கொல்ல அரசாங்கமே பணம் கொடுத்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அவர் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

தந்தம் அருகி விலை ஏறியதும், 1863இல் நியூயோர்க்கின் பீலன் அன்ட் கொலெண்டர் என்ற மேசைக் கம்பனி மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் பரிசு என்று அறிவித்தது. அச்சுத் தொழிலாளியான ஜோன் ஹயட் அதில் இறங்கி, 1870 அளவில் செலுலொய்ட் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தார். உலகின் முதல் வர்த்தகப் பிளாஸ்ரிக்குகளில் ஒன்று. பிறகு சினிமாச் சுருளானதும் இதே பொருள்தான். பந்து விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. மேலே பூசிய பூச்சு இலகுவில் தீப்பற்றும் வகை. இரண்டு பந்து பலமாக மோதினால் சிலவேளை 'பட்' என்று சத்தம் வரும். கொலராடோவில் ஒரு மதுச்சாலைக்காரர், தனக்கு அது பரவாயில்லை, ஆனால் சத்தம் கேட்டதும் அறையிலுள்ள எல்லாரும் துப்பாக்கியை உருவுகிறார்கள் என்று எழுதியதாக ஹயட்டே பின்னர் சொல்லியிருக்கிறார். 1907இல் லியோ பேக்லண்ட் கண்டுபிடித்த ரெசின் வகையில்தான் இன்றைய நல்ல பந்துகள் செய்யப்படுகின்றன.

எனவே புதுப்பிக்கும்போது பந்து மட்டும் எப்போதும் புதிதாகவே இருக்கட்டும். ஆசிய யானைத் தந்தத்துக்கு 1975 முதலும், ஆபிரிக்க யானைத் தந்தத்துக்கு 1990 முதலும் சர்வதேச வியாபாரத் தடை இருக்கிறது. 2016 ஜனவரியில் காலி முகத்திடலில் இலங்கை அரசாங்கம் 359 தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நசுக்கியது. ஒன்றரைத் தொன் தந்தம், ஆபிரிக்காவிலிருந்து துபாய்க்குப் போகும் வழியில் கொழும்பில் பிடிபட்டது. தெற்காசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு நாம். பழைய தந்தப் பந்து வீட்டில் இருந்தால் விற்க ஓடாமல் சட்டம் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள்.

அறை

மேசை தயார். எங்கே வைப்பது? இந்தக் கடைசிச் செலவைப் பலர் மறந்துவிடுவார்கள். மேசை 12 அடிக்கு 6 அடிதான். ஆனால் நாலு பக்கமும் கோலை இழுத்து அடிக்க இடம் வேண்டும். முழு மேசைக்கு 22 அடிக்கு 16 அடி அறை தேவை என்பது பொதுவான அளவு. 9 அடி பூல் மேசைக்கும் 18க்கு 14 அடி வேண்டும். ஒரு தொன்னைத் தாங்கும் தரையும் வேண்டும்.

எங்களில் சிலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். 22க்கு 16 என்று வாசித்தவுடன் மனதுக்குள் ஒரு பெருக்கல் தானாக ஓடியது: 352 சதுர அடி. தோட்டத்து லயன் அறையின் வழக்கமான அளவு 10க்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. துரைமாரின் ஒரு மேசை நிற்க விட்ட இடம் ஏறத்தாழ மூன்று குடும்பங்களின் அறைகளுக்குச் சமம். சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, சாமிப்படம் எல்லாம் அந்த 120 அடிக்குள். இது ஒரு உவமைக்காகச் சொல்வதல்ல. ஒரே மலையில், ஒரே காலத்தில், ஒரே கம்பனியின் காசில் கட்டிய இரண்டு அறைகளின் அளவு. முதலாவது ஓய்வுநேரத்துக்கு, இரண்டாவது வாழ்க்கைக்கு.

இன்று பழைய துரை பங்களாக்கள் ஹொட்டேல்களாகின்றன. பித்தளை துலக்கப்படுகிறது, விறகு அடுப்பு எரிகிறது, பில்லியர்ட்ஸ் அறைக்குப் புதுப் பச்சைத்துணி வருகிறது. 1876இல் ஆரம்பித்த நுவரெலியா ஹில் கிளப்பில் பில்லியர்ட்ஸ் அறை இன்னும் இருக்கிறது. இலங்கையர் நீண்ட காலம் உறுப்பினராகவே முடியாத இடம் அது. இந்தப் புதுப்பித்தலை நாம் குறை சொல்லவில்லை. நல்ல கைவேலை அழியக்கூடாது. ஆனால் அதே மலையில் அதே வயதுள்ள லயன்களும் நிற்கின்றன. அங்கே கூரைத்தகரம் மாற்றுவதற்கே வருடக்கணக்கில் மனுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மேசைக்கு 'மரபுரிமை' என்ற பெயர், லயனுக்குப் 'பிரச்சினை' என்ற பெயர். எது திருத்தப்பட வேண்டும் என்று தீர்மானிப்பதும் வரலாறு எழுதுவதுதான்.

மேசை யாருடையது?

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த மேசையைத் தூக்கி எறிந்துவிடலாமே என்று கேட்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. காரணம், மேசை துரைமாரோடு நின்றுவிடவில்லை.

ஸ்னூக்கர் என்ற விளையாட்டே இந்தப் பக்கத்தில் பிறந்தது. 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் மழைக்காலத்தில் போரடித்த பிரித்தானிய இராணுவ அதிகாரிகள், நெவில் சேம்பர்லேன் என்பவரின் யோசனையில், பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூட்டி ஆடிப் பார்த்தார்கள். பிற்காலப் பிரதமர் சேம்பர்லேன் வேறு ஆள். விதிகள் 1880களில் ஊட்டி கிளப்பில் ஒழுங்குபட்டன. ஆடியவர்கள் அதிகாரிகள். மேசையைத் துலக்கி, பந்தை எடுத்துக்கொடுத்து, புள்ளியைக் குறித்தவர்கள் உள்ளூர் 'மார்க்கர்'கள். யார் எப்படி அடித்தால் பந்து எங்கே போகும் என்பதை நாள்முழுக்கப் பார்த்துப் பார்த்துப் படித்தவர்கள் அவர்கள். பிரித்தானிய இந்தியாவின் கிளப்புகளில் நல்ல ஆட்டக்காரர் பலர் மார்க்கர்களாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்றார். எந்த விளையாட்டிலும் இந்தியாவின் முதல் தனிநபர் உலகச் சம்பியன் அவர்தான். 1973இல் பம்பாயில் அதே பட்டத்தை எம். ஜே. எம். லாபிர் வென்றார். இலங்கையின் முதல் உலகச் சம்பியன். 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்துக்கு 23 வருடம் முன்னர். அர்ஜுனவின் அணியின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேருக்கு லாபிரின் பெயர் தெரியும்? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம், ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாடுகளின் முதல் உலகச் சம்பியன்களும், இரண்டு நாடுகளையும் ஆண்டவர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ஒரே மேசையிலிருந்து எழும்பினார்கள். மேசையை வாங்கியவர் ஒருவர், அதில் பெயர் எடுத்தவர் இன்னொருவர்.

ஆகவே எங்கள் கணக்கு இப்படி முடிகிறது. கல் நல்லதென்றால் மேசையைத் திருத்துங்கள். மரத்தை மெஷினால் உரசாதீர்கள். இறப்பரையும் துணியையும் மலிவுக்குப் பார்க்காதீர்கள், இரண்டு வருடத்தில் திரும்பச் செலவு வரும். பந்தைப் புதிதாக வாங்குங்கள். அறையை முதலில் அளந்துவிட்டுக் காசை எடுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யலாம், அதற்குச் செலவு ஒரு தாள்தான். மரம், கல், இறப்பர், துணி, பந்து என்று எழுதி, எது எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பு என்று தெரிந்தவரை எழுதி, மேசைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள்.

உங்கள் ஊரிலும் மூடிக்கிடக்கும் கிளப்பிலோ பழைய பங்களாவிலோ இப்படி ஒரு மேசை இருக்கலாம். குனிந்து பெயர்த்தகட்டைப் பாருங்கள், படம் எடுங்கள். அங்கே மார்க்கராக வேலைசெய்த தாத்தா யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் போய்க் கதை கேளுங்கள், பெயரோடு எழுதி வையுங்கள். மேசையின் கல் இன்னும் நூறு வருடம் இருக்கும். அந்தத் தாத்தாவுக்கு அவ்வளவு காலம் இல்லை.